மூன்று மெஷினும் மூவாயிரம் தட்டும்

"அலுத்துப்போச்சா? அலுத்துப்போச்சுன்னா என்ன அர்த்தம்? இன்னொரு தடவை சொல்லுங்க, காது குளிரக் கேட்டுக்கறேன்!"

"ஏன் இப்படிக் கத்தற? நாலு வீட்டுக்குக் கேட்குது."

"கேட்கட்டும்! இத்தனை வருஷமா நாலு வீட்டுக்கும் உங்க ஊதல் கேட்டுச்சில்ல? இன்னைக்கு என் குரல் கேட்கட்டும்!"

நாலு வீடு என்று அவர் சொன்னது குறைத்து மதிப்பிட்டது. எங்கள் மூன்றாம் மாடியில் ஆறு வீடு, ஆறிலும் கேட்டது. லிஃப்ட் வழக்கம்போல ரிப்பேர் என்பதால் படியேறி வந்துகொண்டிருந்த ஐந்தாம் மாடிக்காரர்கள்கூட மூச்சு வாங்குவதுபோல எங்கள் தளத்திலேயே நின்றுவிட்டார்கள். நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலைத் துடைக்க ஆரம்பித்தேன். காலையில் துடைத்த வாசல்தான்.

சண்டை கண்ணாடிக்காரர் வீட்டில். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். குரல் உயர்த்தாத மனிதர், புகை கிடையாது, குடி கிடையாது. இருந்த ஒரே கெட்ட பழக்கம் ஜாஸ். வீட்டின் உள்ளறை முழுக்க, தரையிலிருந்து கூரை வரைக்கும், ஜாஸ் இசைத்தட்டுகள். மூவாயிரத்துக்குக் குறையாது என்பார்கள். சாக்ஸபோன், ட்ரம்பெட், பியானோ. ஒருவர் ஊத ஆரம்பித்தால் இன்னொருவர் வந்து மறிக்கிற வரைக்கும் விடமாட்டார். மறித்தவரும் லேசில் விடமாட்டார். கல்யாணமாகி இருபத்தாறு வருடமாக அந்த வீட்டில் அதுதான் பேச்சு, அதுதான் மூச்சு.

அதையெல்லாம் மொத்தமாகத் தூக்கிக் கொடுத்துவிடப் போகிறேன் என்று அன்றைக்குச் சாப்பாட்டு மேஜையில் சொல்லியிருக்கிறார். எந்த மனைவியாக இருந்தாலும் தலை முழுகிவிட்டு இனிப்பு வாங்கிக் கொடுத்திருப்பாள். இந்த அம்மாள் குதிக்கிறாள். எதிர்வீட்டு நர்ஸம்மா என் காதருகே வந்து, "சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தானே, இவளுக்கு என்ன வந்துச்சு?" என்று கேட்டாள். எனக்கும் விளங்கவில்லை. விளங்காத விஷயத்தை அப்படியே விட்டுவிடுகிற பழக்கம் எனக்கு இல்லை.

"ஒரு தட்டு வெளியே போகக் கூடாது," என்றாள் உள்ளே. "பிடிச்சிருக்குன்னுதானே விட்டுக் குடுத்தேன்? அப்ப பிடிச்சுக்கிட்டே இருக்கணும். அதுதான் பேச்சு."

"மனசுன்னா மாறாதா?"

"மாறும். என்கிட்ட கேட்டுட்டு மாறணும்."

இந்த அம்மாளை எங்கள் கட்டடத்தில் டெய்லரம்மா என்றுதான் சொல்வோம். பன்னிரண்டு வருடமாக அவள் வீட்டில் ஒரு தையல் மெஷினும் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது.

அதற்கு முன்னால் இருந்தது. ஒன்றல்ல, மூன்று. உள்ளறையில் அவருடைய தட்டுகள், முன்னறையில் அவளுடைய மெஷின்கள், நடுவில் இருந்த ஹாலில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே மகளும் படுத்துக்கொள்வார்கள். உதவிக்கு இரண்டு பெண்கள் வேலைக்கு வந்தார்கள். அவள் வெட்டிக் கொடுத்த துணி உடம்பில் பேசும். எனக்கு ஒரு தோள் மற்றதைவிட இறக்கம். அதை என் அம்மாவே கவனித்ததில்லை, டெய்லரம்மா ஒரே பார்வையில் கண்டுபிடித்து, யாருக்கும் தெரியாதபடி தைத்துக் கொடுத்தாள். அவள் தைப்பதை நிறுத்தியதிலிருந்து ஊரில் எல்லாருக்கும் என் தோள் தெரியும்.

ஏன் நிறுத்தினாள்? அதற்கு அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ஞாயிறு மதியம் மூன்று மணிக்கு லிஃப்ட்காரர் வருவார். கண்ணாடிக்காரருடன் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாகச் சுற்றியவர், ஊரிலுள்ள லிஃப்ட்களையெல்லாம் பழுது பார்ப்பவர், எங்களுடையதைத் தவிர. கல்யாணம் ஆகாதவர். அவரிடமும் ஆயிரத்துச் சொச்சம் தட்டு உண்டு. இருவரும் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு உள்ளறையில் உட்காருவார்கள். அட்டையைச் செய்தித்தாளில் சுற்றி மறைத்துவிட்டு, தட்டைச் சுழலவிட்டு, யார் வாசிப்பது என்று காதாலேயே கண்டுபிடிக்க வேண்டும். ஒரு பக்கம் முடிகிற வரைக்கும் பேசக் கூடாது, இருமக் கூடாது. முடிந்ததும் ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்லலாம். லிஃப்ட்காரர் வாக்கியத்தில் எப்போதும் "ஆழம்" என்று ஒரு சொல் வரும். எதுவும் தோன்றாவிட்டால் "நல்ல ஆழம்."

அந்த நேரத்தில் மெஷின் ஓடக் கூடாது. யாரும் குதிகால் வைத்து நடக்கவும் கூடாது, ஊசி குதித்துவிடும். அந்த வீட்டுப் பெண் நடக்கப் பழகியதே நுனிக்காலில்தான். வளர்ந்து ஆஸ்பத்திரி லேபுக்கு வேலைக்குப் போனபோதும் பூமிக்கு வலிக்குமோ என்றுதான் நடப்பாள். நளினமான பெண் என்று ஊரே சொல்லும்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் கண்ணாடிக்காரருக்கு ஒரு சந்தேகம் வந்தது. சத்தம் மங்கலாகக் கேட்கிறது என்றார். எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் ஏதோ ஒன்று வரமாட்டேன் என்கிறது. ஊசியை மாற்றினார். வயரை மாற்றினார். பிளேயரைக் கருங்கல் பலகை மேல் ஏற்றினார். ரப்பர் பந்தை இரண்டாக வெட்டி நான்கு மூலைக்கும் முட்டுக் கொடுத்தார். ஒரு நாள் தரையில் குப்புறப் படுத்து, நாடி பார்க்கிற டாக்டர் மாதிரி உள்ளங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, "இங்கதான் இருக்கு கோளாறு," என்றார். முன்னறையில் மூன்று மோட்டார் ஓடுகிற அதிர்வு தரை வழியாக வருகிறதாம். நிறுத்தி வைத்தால் போதாது, அத்தனை இரும்பும் ஒரே தரையில் நிற்பதே கெடுதலாம்.

டெய்லரம்மா இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாவது நாள், "சரி, எடுத்துடலாம். அவருக்கு இருக்கிறது இது ஒண்ணுதான்," என்று எங்களிடம் சிரித்துக்கொண்டே சொன்னாள். இப்படியும் ஒரு பெண்டாட்டியா என்று மாடி முழுக்கப் புகழ்ந்தோம். நானும்தான் புகழ்ந்தேன். மூன்று மெஷினையும் யூனிஃபார்ம் தைக்கிற கம்பெனி எடுத்துக்கொண்டது. அடுத்த மாதமே அவளும் அதே கம்பெனிக்கு வேலைக்குப் போனாள். அங்கே ஒருவருக்கு ஒரு வேலை. இவளுக்குக் காலர். பன்னிரண்டு வருடமாகக் காலர். அந்தச் சட்டைக்குக் கை எங்கே, உடம்பு எங்கே என்று இவளுக்குத் தெரியாது.

இனி, சண்டை நடந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். கண்ணாடிக்காரர் ஒரு பக்கத்தைப் போட்டிருக்கிறார். கேட்டார்கள், ஆளுக்கொரு வாக்கியம் சொன்னார்கள். பிறகு தட்டைத் திருப்பிப் போட்டிருக்கிறார். போட்டதாக நினைத்திருக்கிறார். யோசனையில் அதே பக்கத்தையே மறுபடி வைத்துவிட்டார். இருபத்திரண்டு நிமிடம் இருவரும் கண்ணை மூடிக்கொண்டு அதே இடங்களில் தலையாட்டினார்கள். முடிந்ததும் லிஃப்ட்காரர், "முதல் பக்கத்தைவிட இது ஆழம்டா," என்றாராம். இவரும் ஆமாம் என்றாராம்.

லிஃப்ட்காரர் போன பிறகு தட்டை உறையில் போடும்போதுதான் கண்ணாடிக்காரருக்கு விஷயம் தெரிந்தது. முதலில் சிரித்திருக்கிறார். பிறகு சாப்பிடும்போது அதையே வேடிக்கையாகச் சொல்லி, "உண்மையைச் சொல்லட்டுமா? எனக்கு இது அலுத்துப்போச்சு. வர்றவங்க யாருக்காவது குடுத்துடறேன்," என்றிருக்கிறார். நான் சொல்ல ஆரம்பித்தது அங்கிருந்துதான்.

சண்டை அன்றோடு முடியவில்லை. மறுநாளிலிருந்து டெய்லரம்மா ஒரு வேலை செய்தாள். சாயங்காலம் அவர் கடையைச் சாத்திவிட்டு வந்து முகம் கழுவுவதற்குள் உள்ளறையில் ஒரு நாற்காலியைப் போட்டுவிடுவாள். எதிரே தனக்கு ஒரு ஸ்டூல்.

"உட்காருங்க. மேல் வரிசை, இடது ஓரத்திலேர்ந்து வருவோம்."

"என்ன விளையாட்டு இது?"

"விளையாட்டில்ல. ஒவ்வொண்ணாக் கேளுங்க. எது பிடிக்குதோ அதை வச்சுக்கலாம், பிடிக்காததைக் குடுத்துடலாம். நியாயம்தானே?"

அந்த நியாயம் எங்கள் மாடிக்கு மூன்று வாரம் கேட்டது. ஒரு தட்டு முடியும். "இது எப்படி?" என்பாள். "பரவாயில்லை," என்பார் அவர். "பரவாயில்லைன்னா? பிடிக்குதா, பிடிக்கலையா?" "...இல்லை." அடுத்தது. சில நாள் நாலு, சில நாள் ஆறு. அவள் இசையைக் கேட்கவில்லை என்று மகள் என்னிடம் சொன்னாள். அம்மா அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாளாம், அடுப்பில் பாலை வைத்துவிட்டுப் பார்ப்பதுபோல. ஒன்றாவது பொங்கினால் போதும் அவளுக்கு. ஒரே ஒரு தட்டு அவருக்குப் பிடித்துவிட்டால், முன்னறை போனதற்கு ஒரு கணக்கு இருக்கிறது என்று ஆகிவிடும்.

ஒன்றும் பொங்கவில்லை.

நாலாவது ஞாயிறு லிஃப்ட்காரர் சமாதானத்துக்கு வந்தார். அன்று நான் உள்ளேயே இருந்தேன். டெய்லரம்மாவிடம் இரவல் வாங்கிய அளவு நாடாவைத் திருப்பிக் கொடுக்கப் போயிருந்தேன். ஆறு மாதமாகக் கொடுக்காததற்கு அன்றைக்குத்தான் வேளை வந்தது.

உள்ளறையில் ஏதோ ஒரு பியானோ ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடிக்காரர் நாற்காலியில் பல் பிடுங்க வந்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். மகள் வாசற்படியில் சாய்ந்திருந்தாள். லிஃப்ட்காரர் நின்றுகொண்டே பேசினார்.

"தங்கச்சி, ஒரே பக்கத்தை ரெண்டு தடவை கேட்டுட்டுத் தலையாட்டினவன் நான். எனக்குப் பேச யோக்கியதை இல்லைதான். எனக்கும் இது எப்பவோ விட்டுப்போச்சு. இவன் மனசு கஷ்டப்படுமேன்னு நான் வந்தேன், என் மனசு கஷ்டப்படுமேன்னு இவன் போட்டான். ரெண்டு கிழவனும் ஒருத்தனை ஒருத்தன் ஏமாத்திக்கிட்டிருந்தோம்."

"நீங்க ரெண்டு பேரும் என்னவோ பண்ணிக்குங்க அண்ணே. நான் கேட்கறது அதில்ல."

"சொல்றதைக் கேளு. இவன் வேணும்னு அலுத்துக்கல. எவ்வளவு போராடினான் தெரியுமா? ஊசி மாத்தினான், வயரை மாத்தினான், பந்தை வெட்டி வச்சான். கடைசியில உன் மெஷினைக்கூடத் தூக்கிப் பார்த்தான். அப்பவும் வரல. பாவம், அவன் என்ன பண்ணுவான்?"

டெய்லரம்மா ஸ்டூலிலிருந்து எழுந்திருக்கவில்லை. "என்ன வரல?" என்றாள்.

"அதான்... அந்தச் சுகம். முன்னாடி இருக்குமே."

"மெஷின் போனப்புறமும் வரலையா?"

லிஃப்ட்காரருக்கு அப்போதுதான் காலடியில் தரை இல்லை என்று தெரிந்தது. நண்பரைப் பார்த்தார். நண்பர் ஒரு தட்டை மெல்லிய துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அதில் தூசி இல்லை.

"இல்ல... அப்படியில்ல... முதல் ஞாயித்துக்கிழமையே சொன்னான், அப்படியேதான்டா இருக்குன்னு. நான்தான், புது ஊசி, பழகட்டும்னு..."

தட்டு முடிந்துவிட்டது. ஊசி கடைசி வட்டத்தில் டக், டக் என்று தட்டிக்கொண்டிருந்தது. யாரும் போய் எடுக்கவில்லை.

"உனக்கு எப்பத் தெரியும்?" என்றாள் டெய்லரம்மா, புருஷனைப் பார்த்து.

இருபத்தாறு வருடத்தில் "நீங்க", "என்னங்க" தவிர வேறு வார்த்தை அவள் வாயில் வந்து நான் கேட்டதில்லை. மகள் நிமிர்ந்து நின்றாள். என் கையிலிருந்த நாடா தானாகச் சுருண்டுகொண்டது.

"அன்னைக்கே தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது," என்றார் அவர். "மெஷினால இல்லைன்னு தெரிஞ்சுது. அது என்கிட்ட இருந்த கோளாறு. அலுப்புன்னு அப்ப எனக்குப் புரியல. ஏதோ ஒரு சாமான்ல தப்புன்னே தேடிக்கிட்டிருந்தேன்."

"மூணு மெஷினும் ஒரு மாசம் படிக்குக் கீழே சாக்குப் போட்டு மூடிக் கிடந்துச்சு. கம்பெனி வண்டி வர்ற வரைக்கும். தினமும் அதைத் தாண்டித்தானே நீ கடைக்குப் போன?"

அவர் துடைத்த தட்டையே மறுபடி துடைத்தார்.

"நாலு ஆள் போதும் மேல ஏத்த. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்."

"எப்படிச் சொல்றது? நீ சிரிச்சுக்கிட்டே விட்டுக் குடுத்திருந்த. மாடியே உன்னைப் புகழ்ந்துச்சு. அப்புறம் போய், இதனால இல்லை, சும்மாதான் எடுக்கச் சொன்னேன்னு... எனக்கு வெட்கமா இருந்துச்சு."

"உனக்கு ஒரு மாசம் வெட்கம். எனக்குப் பன்னிரண்டு வருஷம் காலர்."

அதைக் கத்திச் சொல்லியிருந்தால் தேவலாம். ரேஷன் வரிசையில் நிற்கிறவள் முன்னால் இருப்பவளிடம் மணி கேட்பதுபோலச் சொன்னாள். லிஃப்ட்காரர் செருப்பைத் தேடினார். ஒரு காலில் கண்ணாடிக்காரருடையதைப் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

மகள்தான் போய் ஊசியைத் தூக்கி வைத்தாள். அன்றைக்கு அவள் குதிகால் ஊன்றி நடந்தாள். தரை அதிர்ந்தது, அலமாரியில் தட்டுகள் லேசாக ஆடின.

"நாளைக்கே பழைய தட்டு வாங்கற ஆளை வரச் சொல்லுங்க. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போகட்டும்," என்று டெய்லரம்மா எழுந்தாள். மறுபடி "சொல்லுங்க" வந்துவிட்டது. எனக்கென்னவோ அது "நீ"யைவிட மோசமாகப் பட்டது.

பழைய தட்டு வாங்குகிறவர் இரண்டு ஆட்களோடு வந்தார். அலமாரியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக இழுத்துப் பார்த்துவிட்டு, "இதை இப்ப யாரும் கேட்கறதில்லை சார். சேர்த்தவங்க எல்லாரும் ஒரே சமயத்துல விடறாங்க. என்னவோ எல்லாருக்கும் சேர்ந்தாப்பல சலிச்சுப்போச்சு. என் குடோன்ல நிக்க இடமில்லை. நானே ஒரு காலத்துல இதுக்குப் பைத்தியம்," என்றார். கண்ணாடிக்காரர் ஒரு தட்டைக் காட்டி, இது மூன்று வருடம் தேடிக் கிடைத்தது என்று ஆரம்பித்தார். அந்த ஆள் போனில் பேசிக்கொண்டே தலையாட்டினார். பெட்டி பெட்டியாகப் படியிறங்கிப் போயிற்று. லிஃப்ட் அன்றும் ரிப்பேர்.

வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு கண்ணாடிக்காரர் ஒரு வாரம் இருந்தார். பிறகு ஒரு தையல் மெஷின் வாங்கிவந்தார். வெள்ளை நிறம், புது மாடல். உள்ளறையில் ஜன்னல் பக்கமாகப் போட்டு, விளக்கு மாட்டி, பக்கத்தில் கத்தரி, சாக்கட்டி, நூல்கண்டு என்று ஒவ்வொன்றாக அடுக்கி வைத்தார். கதவு திறந்திருந்தது, நான் பார்த்தேன். கம்பெனியிலிருந்து அவள் வந்தாள். பையைக் கீழே வைக்காமலே பார்த்தாள்.

"எனக்கும் அலுத்துப்போச்சுங்க," என்றாள்.

"எதுக்கும் ஒரு தடவை உட்கார்ந்து பாரேன். உட்கார்ந்தா வந்துடும்."

"நீங்க மூணு வாரம் உட்கார்ந்தீங்க. வந்துச்சா?"

பை தோளில் இருந்தபடியே சமையலறைக்குள் போய்விட்டாள். இதை எழுதும்போதும் எனக்கு அவள் மேல் கோபம்தான். ஒரு சட்டையாவது தைத்துப் பார்த்திருக்கலாம். ஆனால் அவள் கையைப் பக்கத்தில் பார்த்திருக்கிறேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எப்போதும் ஒரு காலரைப் பிடித்து மடித்தபடியே இருக்கும், பேசும்போதும், சாப்பிட்டு முடித்து உட்கார்ந்திருக்கும்போதும். அந்தக் கையைப் பார்த்துவிட்டு உட்கார் என்று சொல்ல அவருக்கு எப்படி மனசு வந்தது என்றும் தோன்றும். மெஷினை ஒரு மாதம் கழித்து விற்ற கடைக்காரரே திரும்ப எடுத்துக்கொண்டார்.

அந்த வருடமே மகள் கல்யாணம் நடந்தது. அதே ஆஸ்பத்திரியில் ஆம்புலன்ஸ் ஓட்டுகிற பையன், அவளே பார்த்துக்கொண்டது. பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, பஸ்ஸில் மூன்று மணி நேரம் தள்ளி இருக்கிற ஊருக்குப் போனாள். கூட்டுக் குடும்பம், பதினோரு பேர், வாய் ஓயாத வீடாம். அம்மாவுக்கு மட்டும் போன் செய்வாள்.

ஆறு மாதத்தில் டெய்லரம்மாவும் கம்பெனியை விட்டுவிட்டு அந்த ஊருக்கே போனாள். மகள் வீட்டில் இல்லை. இரண்டு தெரு தள்ளி ஓர் அறை, நீச்சல் குளத்தில் டிக்கெட் கிழித்துக் கொடுக்கிற வேலை. பிரிந்துவிட்டீர்களா என்று அவளிடம் கேட்டேன். "அப்படியெல்லாம் ஒண்ணுமில்ல, தனித்தனியா இருக்கோம்," என்றாள். மாதம் ஒரு முறை அவர் போய் வருகிறார். டீ கொடுக்கிறாளாம். அதற்கு மேல் என்ன என்று அவர் சொல்லவில்லை, நானும் மூன்று முறைக்கு மேல் கேட்கவில்லை.

லிஃப்ட்காரர் ஐம்பத்தொன்பது வயதில் எங்கள் எதிர்வீட்டு நர்ஸம்மாவைக் கட்டிக்கொண்டு, அவளுடைய அண்ணன் வீட்டு மாடிக்குக் குடிபோனார். கண்ணாடிக்காரரைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டார், அவர் வரவில்லை. அடுத்த மாதம் கண்ணாடிக்காரர் தன் வீட்டை இரண்டு வாத்தியார்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டு, கடைக்குப் பின்னால் இருக்கிற அறைக்கு மாறிக்கொண்டார். சாமான் அதிகமில்லை. கைவண்டிக்காரர் இரண்டு நடையில் முடித்துவிட்டார்.